என் வீட்டு ஆளாக இருந்தாலும்

மக்ளே,

முந்தாநாள் நீ போனைப் பாதியில் வைத்துவிட்டாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் முன்னாலேயே வைத்திருப்பேன். திருவனந்தபுரத்தில் நீ பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்த பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் வரவில்லை, என் இதய ஆபரேஷன் நான் வேலை பார்க்கிற அரசு ஆஸ்பத்திரியிலேயே நடக்கட்டும் என்று அம்மா திடீரென்று சொன்னால் எந்த மகனுக்குத்தான் கோபம் வராது. "ஒனக்கு என்னம்மா, கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்று கேட்டாய். பதில் சொல்ல வாயெடுத்தேன், இருமிச் சமாளித்தேன். நோயால் என்று நீ நினைத்திருப்பாய். நோயால் இல்லை, வெட்கத்தால். போனில் சொல்ல வராததை எழுதிப் பார்க்கலாம் என்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் போகும். வேலைக்கு நடுவில் படிக்காதே. மஸ்கட்டில் உனக்கு வெள்ளிக்கிழமை லீவுதானே, அன்றைக்கு ஆற அமர இருந்து படி.

நீ ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது, அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்ட டீச்சரிடம், "ஆட்களை உறங்க வைக்கது" என்று சொன்னாய். உனக்கு அவ்வளவு தெரிந்ததே பெரிய விஷயம். நெஞ்சைத் திறந்து செய்கிற ஆபரேஷனில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என்று ஒருத்தி இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. இதயத்தை நிறுத்தி வைத்து வால்வு மாற்றும்போதும், ஒரு நுரையீரலை மடக்கி வைத்துவிட்டு மற்றதில் மட்டும் மூச்சு ஓட்டும்போதும் தலைமாட்டில் நிற்பவள் நான். குணமாகிப் போகிறவர்கள் சர்ஜனைத்தான் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். உறங்க வைப்பதை விட எழுப்புவதில்தான் எனக்கு எப்போதும் கவனம் அதிகம். தொண்டையில் குழாயோடு கிடக்கிற ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணைத் திற, கையைப் பிடி என்று சொல்ல வேண்டும். கேஸ் ஷீட்டில் இருக்கிற பெயருக்குப் பல பேர் அசையவே மாட்டார்கள். ஒருமுறை முறுக்கு மீசை வைத்த ஒரு விவசாயி, எத்தனை தடவை கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. வெளியே ஓடிப்போய் அவர் மனைவியிடம் கேட்டேன். "அவியள வீட்டுல குட்டன்னாக்கும் கூப்பிடுகது" என்றார். குட்டா என்று நான் காதருகே கூப்பிட்டதும் அந்தப் பெரிய மனிதர் சட்டென்று விழித்தார். அன்றிலிருந்து ஆபரேஷனுக்கு முன்பு நோயாளியைப் பார்க்கப் போகும்போது, ஆடுகிற பல் இருக்கிறதா, மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாதா என்றெல்லாம் கேட்டு முடித்து, கடைசியில் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றும் கேட்டுவிடுவேன். என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் இதைக் கேட்பார்கள்.

அவர்கள் என்னிடம் கற்றுக்கொண்ட இன்னொன்றும் உண்டு. அதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும். பயந்து போயிருக்கிற நோயாளியிடம் நான் ஒரு வாக்கியம் சொல்வேன். "என் வீட்டு ஆளா இருந்தாலும் இந்த டேபிள்லதான் படுக்க வைப்பேன்." முதல் முதலில் யாரிடம் சொன்னேன் என்று நினைவில்லை. சொன்னதும் அந்த முகம் தெளிந்தது மட்டும் நினைவிருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாததால்தான் இங்கே வந்து கிடக்கிறோம் என்கிற ஒரு குறுகல் நம்மிடம் வருகிறவர்களின் முகத்தில் இருக்கும். அந்த வாக்கியம் அதைத் துடைத்துவிடும். கையை நீட்டுவார்கள், ஊசியைப் போட்டுக்கொள்வார்கள். நான் அதை அவ்வளவு பழக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன், என் வீட்டு ஆள் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

யோசிக்க நீயே ஒரு தடவை வழி செய்தாய். சைக்கிளில் இருந்து விழுந்து முழங்கை முறிந்தபோது உன்னை ஊருக்குள் இருக்கிற தனியார் கிளினிக்குக்குத்தான் கொண்டு போனோம். காரில் என் மடியில் கிடந்துகொண்டு, "நீ வேலைக்குப் போற ஆஸ்பத்திரிக்கு ஏன் போகலம்மா?" என்று கேட்டாய். "அங்க கூட்டமா இருக்கும் மக்ளே" என்றேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த உங்கப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் வேலைக்குப் போய் யாரோ ஒருவரிடம் அதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பேன்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணம் முடிந்து ரம்யாவின் அப்பா அம்மாவைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போனேன் அல்லவா. அந்த இடுக்கு மரப்படியில் பாதி ஏறும்போது நெஞ்சு அடைத்து, கண் இருட்டியது. மேலே மச்சில் இருந்த மரவேலையை அண்ணாந்து பார்ப்பது போல நின்றுகொண்டேன். சம்பந்தியம்மா, "டாக்டரம்மாவுக்கு இதிலெல்லாம் எவ்வளவு ரசனை" என்றார்கள். எனக்கு அப்போதே தெரியும். எத்தனையோ பேரின் நெஞ்சில் காதை வைத்தவளுக்குத் தன் நெஞ்சு தெரியாதா. எக்கோ எடுத்துப் பார்த்தோம். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறுகிற வால்வு சுருங்கி இறுகிப் போயிருந்தது, மாற்றித்தான் ஆக வேண்டும். உன்னிடம் சொன்னேன். நீ ஒரே வாரத்தில் திருவனந்தபுரத்தில் டாக்டரைப் பிடித்து, ரூம் வரைக்கும் சொல்லி வைத்துவிட்டு, "அம்மா, சரிதானே?" என்று கேட்டாய். வார்டுக்குப் போகிற வராந்தாவில் நின்றுகொண்டு, "சரி மக்ளே" என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. சொன்னதும் மனசுக்கு அப்பாடா என்று இருந்தது.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு அப்படியே வார்டுக்குள் போனேன். மறுநாள் ஆபரேஷனுக்குப் போகிற ஒருத்தியைப் பார்க்க வேண்டியிருந்தது. கடியப்பட்டணத்துக்காரி, பெயர் செலின். சின்ன வயதில் வந்த காய்ச்சல் வால்வைக் கெடுத்து, இப்போது நாலு எட்டு நடக்க முடியாமல் வந்திருந்தாள். கணவன் சகாயம், கடலுக்குப் போகிறவன், கட்டில் ஓரத்தில் நின்றான். எல்லாம் கேட்டு முடித்தேன், வீட்டுப் பெயர் கிளி என்று சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு பயமாட்டு இருக்கு டாக்டரம்மா. ரெண்டு பிள்ளைகளாக்கும். இஞ்ச நல்லா செய்வாவளா? உள்ளத சொல்லுங்க" என்றாள். நான் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னேன், "என் வீட்டு ஆளா இருந்தாலும் இந்த டேபிள்லதான் படுக்க வைப்பேன் செலின்." உன்னிடம் சரி என்று சொன்ன எச்சில்கூட நாக்கில் காய்ந்திருக்காது. அவள் சகாயத்தைப் பார்த்து, "கேட்டியளா" என்றாள், கையை விட்டாள். வார்டு வாசலுக்கு வந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

செலினின் ஆபரேஷன் நன்றாக நடந்தது. கிளி என்று கூப்பிட்டேன், கண்ணைத் திறந்தாள். அதோடு முடிந்திருந்தால் இதை உனக்கு எழுதியிருக்க மாட்டேன், மூடி மறைத்திருப்பேன். சில நாள் கழித்து வார்டில் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எனக்கு மூச்சு வாங்கி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பார்த்துவிட்டாள். இந்த மூச்சு வாங்கல் அவளுக்குத் தெரியாதா. "டாக்டரம்மா, ஒங்களுக்கும் நெஞ்சுலயா?" என்றாள். ஆமாம், வால்வு என்றேன். "அப்போ நீங்களும் இந்த டேபிள்லதானே படுப்பிய" என்றாள். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. அவளுக்கு அது தெரிந்த விஷயம், நானே சொன்னது. நான் தலையை ஆட்டினேன். சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. தூக்குவாளியில் கஞ்சியோடு வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து, ஒன்றும் ஆகாது என்றார்கள். செலினே எனக்காக ஜன்னலோரக் கட்டிலைச் சொல்லி வைத்திருந்தாள், அங்கேதான் காற்று வருமாம். ஊருக்குப் போகும்போது, "நான் வந்து கூட இருக்கேன், தையல் வலிக்காம எப்படி இருமணும்னு சொல்லித் தாரேன்" என்றாள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன் மக்ளே. கூசிப்போய் அந்த வார்டுப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

சுபாவை உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, பந்தி விசாரித்துக்கொண்டு நின்றாளே, அந்தப் பெண். என் கீழே படித்து, இப்போது என்னோடு வேலை பார்க்கிறாள். நான் ஓய்வு பெற்றதும் என் இடத்தில் நிற்கப் போகிறவள். போன மாதம் ஒருநாள், பூதப்பாண்டிப் பக்கம் வயல் உள்ள ஒரு பெரியவரை அவள் பரிசோதித்துக்கொண்டிருந்தாள். பழைய காசநோயால் கெட்டுப்போன நுரையீரலில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும். அவர் முடியாது, வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். சுபா சொல்கிறாள், "பாட்டா, பயப்படாதீங்க. எங்க மேடமே நெஞ்சு ஆபரேஷனுக்கு இங்கதான் படுக்கப் போறாங்க. இங்க சரியில்லன்னா அவங்க படுப்பாங்களா?" பெரியவர், "டாக்டரம்மையே படுக்கப் போறாவளா? பின்னே எனக்கென்ன" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் சொன்ன பொய் என் வாயை விட்டுப் போய் இன்னொருத்தி வாயில் வேலை செய்துகொண்டிருந்தது.

பெரியவர் பிழைத்து நன்றாக இருக்கிறார், கவலைப்படாதே. ஆனால் அன்றைக்கே சுபாவை டியூட்டி ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, உண்மையைச் சொன்னேன். நான் திருவனந்தபுரத்துக்குப் போகிறேன், இனிமேல் என் பெயரைச் சொல்லி யாருக்கும் தைரியம் கொடுக்காதே என்று சொல்வதற்காகத்தான் கூப்பிட்டேன். போகக் கூடாது என்ற எண்ணமெல்லாம் அப்போது எனக்கு இல்லை. சுபா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியும் மேடம்" என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் அவளோடு படித்த பெண் ஒருத்தி இருக்கிறாளாம். என் பெயர் அங்கே பதிவான அன்றைக்கே, உங்கள் மேடம் இங்கே வருகிறாரே என்று இவளிடம் கேட்டுவிட்டாளாம். "தெரிஞ்சுக்கிட்டா அந்தப் பாட்டாகிட்ட அப்படிச் சொன்னே?" என்றேன். "நீங்க சொல்லித் தந்ததுதானே மேடம். பேஷண்டுக்குப் பயம் தெளியணும்லா" என்றாள். குத்திக் காட்டவில்லை. அந்தப் பெண்ணுக்குக் குத்திக் காட்டவே தெரியாது. "என் வீட்டு ஆள நெனச்சு நானும் அத ஒருநாளும் சொன்னதில்ல. ஊசிக்கு முன்னால சொல்லுக வார்த்தைன்னுதான் நெனச்சேன்" என்றாள்.

என்ன மருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதோடு சேர்த்து இதையும் ஒரு மருந்து மாதிரி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவள் தனக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்கப்பா செத்த அன்றைக்குக்கூட நான் மற்றவர்கள் முன்னால் அழவில்லை. அன்று டியூட்டி ரூமில் அழுதேன். அவள் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் ஃபேனைக் கூட்டி வைத்தாள். அழுது முடித்துவிட்டு அவளிடம், "நீயே எனக்கு மயக்கம் கொடு சுபா, நான் இங்கேயே படுக்கிறேன்" என்றேன். வேண்டாம் மேடம், எனக்காகச் செய்யாதீர்கள் என்று எவ்வளவோ சொன்னாள்.

"பேருக்காகத்தானே இதைச் செய்யுக?" என்று நீ போனில் கேட்டாய். அதை நானும் என்னிடம் கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் அதுவும் இருக்கும், இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒன்றைக் கேள். நான் உன்னிடம் சரி என்று சொன்னது இங்கே ஆபத்து என்பதால் இல்லை. சுபாவின் கை எனக்குத் தெரியும். என் நல்ல காலத்தில் நான் இருந்ததற்குக் கொஞ்சமும் குறைந்தவள் இல்லை அவள், அவளைத் தேர்ந்தவள் என்று சொன்னவளே நான்தான். சர்ஜனையும் தெரியும். பயம் வேறு விதமாக வந்தது. இங்கே எந்த மானிட்டரின் வயரை அழுத்திப் பிடிக்க வேண்டும், எந்தக் கதவு மூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அங்கே இருக்கிற குறை ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரியாததால் அங்கே குறையே இல்லை என்று நம்பிக்கொண்டேன். மயக்கம் கொடுத்தே வயசானவளுக்கு மயக்கத்தின் மேல் இவ்வளவு பயம் இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. நீ போன தடவை லீவில் வந்தபோது, உங்கள் கம்பெனி புதிதாக ஒரு லிஃப்ட் போட்டால் சோதனை முடிந்ததும் முதலில் நாங்கள்தான் ஏறுவோம், அப்புறம்தான் மற்றவர்களை விடுவோம் என்று பெருமையாகச் சொன்னாய். நானும் ரம்யாவிடம் பார்த்தாயா என் மகனை என்று பீற்றிக்கொண்டேன். இப்போது அதை நினைத்தால் உன் முன்னால் உட்காரவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு ஆளிடமும் சொல்ல வேண்டியிருந்தது. போன வாரம் செலின் மறுபரிசோதனைக்கு வந்தாள். கன்னத்தில் சதை வைத்திருந்தது. சகாயம் பனை ஓலையில் பொதிந்து நெய்மீன் கொண்டுவந்திருந்தான். "எப்போ படுக்கிய டாக்டரம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். உட்கார வைத்துச் சொன்னேன். அன்றைக்கு அவளிடம் அப்படிச் சொன்னபோது எனக்கு வேறு இடத்தில் ஏற்பாடாகியிருந்தது, இப்போது அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கேதான் செய்துகொள்ளப் போகிறேன் என்றேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்போ அன்னைக்கு எங்கிட்டச் சொன்னது?" என்றாள். "இப்போ இங்கதானே செலின்" என்றேன். "அது இப்போ உள்ள காரியம்லா. நான் கேக்கது அன்னைக்கு உள்ளத" என்றாள். சகாயம், "விடுட்டி, நல்லாத்தானே ஆச்சு" என்றான். அவள் எழுந்து சேலையை இழுத்து விட்டுக்கொண்டு போய்விட்டாள். மேசை மேல் இருந்த மீனை வீட்டுக்கு எடுத்துவர எனக்கு மனசு வரவில்லை, வார்டு ஆயாவிடம் கொடுத்தேன்.

இதையெல்லாம் உனக்குப் புத்தி சொல்வதற்காக எழுதவில்லை. ஆனாலும் அம்மா எழுதினால் புத்தி இல்லாமல் இருக்குமா. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவது தப்பில்லை. ரம்யாவின் பிரசவத்துக்கு நீங்கள் எங்கே போனாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். பயம் வந்ததும் தப்பில்லை. பயமாக இருக்கிறது, எனக்கே இருக்கிறது என்று செலினிடம் அன்றைக்குச் சொல்லியிருந்தால் போதும். அவளை அமைதிப்படுத்த இன்னும் பத்து நிமிடம் கூட உட்கார்ந்திருக்க வேண்டி வந்திருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சோம்பல்பட்டுத்தான் இத்தனை வருஷமும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றுகிறது. நாளைக்கு உனக்கும் ரம்யாவுக்கும் பிறக்கிற பிள்ளை பயந்துகொண்டு எதையாவது கேட்டால், சட்டென்று வாயில் வருகிற பதிலைச் சொல்லிவிடாதே. "அங்க கூட்டமா இருக்கும்" என்று சொல்லாதே.

நேற்று எனக்கு மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனை. சுபாதான் செய்தாள். நோயாளி உட்காருகிற ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன், நான் உட்காருகிற நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கச் சொன்னாள், கழுத்தை அண்ணாந்து காட்டச் சொன்னாள், ஆடுகிற பல்லைக் கண்டுபிடித்தாள். ஒன்றையும் விடவில்லை. தைரியம் சொல்வாளோ என்று பார்த்தேன், சொல்லவில்லை. "எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் மேடம் இருக்கு, கவனமா செய்வேன்" என்றாள். கடைசியில் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுல உங்கள என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள். கேட்பாள் என்று தெரியும், நான் பழக்கிவிட்டதுதானே. இருந்தும் எந்தப் பெயரைச் சொல்வது என்று யோசித்தேன். உங்கப்பா பெயரே சொல்லாமல் என்னை ஏட்டி என்றுதான் கூப்பிடுவார். என்னைப் பெற்றவர்கள் கூப்பிட்ட பெயரைச் சொல்ல இப்போது உலகத்தில் யாரும் இல்லை. நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு சுபா, "நான் மேடம்னே கூப்பிட்டுக்கிடட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். அந்தப் பெயருக்கு நான் கண்ணைத் திறப்பேனோ என்னவோ, கொஞ்ச நாளாக யாராவது அப்படிக் கூப்பிட்டாலே எனக்குத் தலை குனிந்துவிடுகிறது.

என் மகன் வந்து கூப்பிடுவான் என்று சுபாவிடம் சொல்லியிருக்கிறேன். ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, டிக்கெட் எடுத்துக்கொண்டு வா மக்ளே. கோபம் இருந்தால் கோபத்தோடேயே வா, சுபாவிடம் மட்டும் முகத்தைக் காட்டிவிடாதே. என்னை எழுப்பும் நேரத்தில், கையைக் கழுவச் சொல்லி உன்னை ஐசியூவுக்குள் விடுவார்கள். காதுக்குப் பக்கத்தில் வந்து, அன்றைக்குக் காரில் என் மடியில் கிடந்து கேட்டாயே, அதே மாதிரி ஒரு தடவை அம்மா என்று கூப்பிடு.